ஆளை மாற்றினால் தீருமா?

(மேலாண்மைத் துறை மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வணிகக் கல்வியில் எழுதப்பட்ட முதல் கேஸ் ஸ்டடி எது என்று கேட்டால், 1921-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் வந்த 'ஜெனரல் ஷூ கம்பெனி' என்பார்கள். ஒரே பக்கம்தான். ஒரு ஷூ தொழிற்சாலையில் வேலை முடியும் நேரத்துக்கு 45 நிமிடம் வரை முன்னதாகவே தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். நிர்வாகம் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும், எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்பது மாணவர்களுக்கு வைத்த கேள்வி.

அந்தப் பள்ளி தொடங்கியது 1908-இல். 1919-இல் டீனாகப் பொறுப்பேற்ற வாலஸ் டோனம் சட்டம் படித்தவர். தீர்ப்பான வழக்குகளை வைத்துக்கொண்டு வாதாடிப் பழகும் சட்டக் கல்லூரி முறையை வணிகப் பாடத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவில் 1961-இல் தொடங்கப்பட்ட அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டின் துணையோடு அதே முறையை எடுத்துக்கொண்டது. இன்று நீங்கள் வாங்கும் கேஸ் கட்டுகளின் வம்சாவளி இதுதான்.

அந்த ஷூ தொழிற்சாலையை இன்றைய வகுப்பில் வைத்தால் முதலில் எழும் கை என்ன சொல்லும்? "சூப்பர்வைசர் கண்டிப்பாக இல்லை" என்று சொல்லும். இரண்டாவது கை, "தொழிலாளர்களுக்குப் பொறுப்பு போதாது" என்று சொல்லும். இரண்டுமே கேஸில் உள்ள செய்தியை வேறு சொற்களில் திருப்பிச் சொல்கின்றனவே தவிர, எதையும் விளக்கவில்லை. வேலையை நிறுத்துபவர் ஒருவரோ இருவரோ அல்லர். பலரும் ஒரே மாதிரி நடக்கிறார்கள் என்றால் அப்படி நடக்க வைக்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்க வேண்டும். கூலி நாளுக்கா, ஜோடிக் கணக்குக்கா? ஜோடிக் கணக்கு என்றால் தன் கூலியைத் தானே ஏன் இழக்கிறார்? அதிகம் தைத்துக் காட்டினால் அடுத்த மாதம் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயமா? முந்தைய பிரிவிலிருந்து வெட்டிய தோல் வருவது மாலையில் நின்றுபோகிறதா? கை கழுவக் குழாய் எத்தனை, வரிசையில் நிற்பவர் எத்தனை? ஒவ்வொரு கேள்விக்கும் வேறு வேறு தீர்வு. ரேட் பயம்தான் காரணம் என்றால் சூப்பர்வைசரை மாற்றிப் பயனில்லை. குழாய்தான் காரணம் என்றால் போனஸ் கொடுத்துப் பயனில்லை.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு நிறுவனத்தின் சிக்கலைப் படிக்கும்போது, அந்த நாற்காலியில் வேறு ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். அவரும் அதையேதான் செய்திருப்பார் என்றால், நீங்கள் தேடுவது ஆளிடம் இல்லை. இலக்கு, கூலி, அதிகாரம், தகவல் ஆகியவை அங்கே பின்னப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. சொல்வது சுலபம். உண்மையிலேயே ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டு ஏற்பாட்டை மட்டும் மாற்றிப் பார்க்க முடியுமா? கிட்டத்தட்ட அப்படி ஒரு சோதனை நடந்திருக்கிறது.

கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கார் தொழிற்சாலை நடத்தியது. அந்தக் கம்பெனியிலேயே மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாள்கள் அங்கே சகஜம். திடீர் வேலைநிறுத்தங்கள், வேலை நேரத்தில் குடி, மலைபோல் குவிந்த புகார் மனுக்கள். காரில் குறை கண்ணெதிரே தெரிந்தாலும் அசெம்பிளி லைனை நிறுத்தத் தொழிலாளிக்கு உரிமை கிடையாது. வண்டி முன்னால் போகும், குறையைப் பின்னால் யாராவது பார்த்துக்கொள்வார்கள். 1982-இல் ஆலையை மூடினார்கள்.

1984-இல் அதே கட்டடம் நும்மி என்ற பெயரில் திறந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்த கூட்டு நிறுவனம். அன்றாட நிர்வாகம் டொயோட்டாவிடம். யூனியன் அதே யு.ஏ.டபிள்யூ. முதலில் எடுக்கப்பட்ட தொழிலாளர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஆலையில் வேலை பார்த்தவர்கள். சில ஆண்டுகளிலேயே வேலைக்கு வராதோர் விகிதம் மூன்று, நான்கு சதவீதமாகக் குறைந்தது. அங்கே தயாரான காரின் தரம், ஜப்பானில் டொயோட்டாவின் தகாவோகா ஆலையில் தயாரான காரின் தரத்தை ஒட்டி வந்தது. அங்கே பொறியாளராக வேலை பார்த்த ஜான் கிராஃப்சிக்தான் பிறகு எம்.ஐ.டி.யில் ஆய்வு செய்து, 1988-இல் எழுதிய கட்டுரையில் 'லீன்' என்ற பெயரை இந்த உற்பத்தி முறைக்கு வைத்தவர்.

எதை மாற்றினார்கள்? முதலில் ஆண்டன் கயிறு. லைன் நெடுகத் தொங்கும் கயிற்றை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் வந்து நிற்பார். அந்த வேலைக்குரிய நேரத்துக்குள் சரியாகிவிட்டால் லைன் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். இரண்டாவது, சிறு சிறு குழுக்கள். ஒரு வேலையை எத்தனை விநாடியில், எந்த வரிசையில் செய்வது என்று முன்பு தொழில்துறைப் பொறியாளர்கள் வகுத்துக் கொடுத்தார்கள். நும்மியில் தொழிலாளர்களே ஸ்டாப்வாட்ச் பிடித்து ஒருவர் வேலையை ஒருவர் அளந்து, தாங்களே அதை எழுதினார்கள். மூன்றாவது, எண்பதுக்கும் மேலிருந்த வேலைப் பிரிவுகளைக் கைவிரலில் எண்ணும் அளவுக்குச் சுருக்கினார்கள். அதிகாரிகளுக்குத் தனிச் சாப்பாட்டு அறையும் தனி பார்க்கிங்கும் எடுக்கப்பட்டன. நான்காவது, வேலை உத்தரவாதம். நிறுவனத்தின் உயிருக்கே ஆபத்து வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். எண்பதுகளின் இறுதியில் விற்பனை சரிந்தபோது ஆட்களை அனுப்பாமல் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் மாற்றிவிட்டார்கள். ஒப்பந்தம் வெறும் காகிதமில்லை என்று தொழிலாளிக்குத் தெரிந்தது.

இந்த நான்கையும் பிரித்துப் பார்க்காதீர்கள். ஆட்குறைப்பு வரும் என்ற பயத்தில் இருப்பவர், தன் வேலையை இன்னும் குறைந்த நேரத்தில் முடிக்கும் வழியைச் சொல்வாரா? சொன்னால் போவது அவர் வேலைதானே? இழுத்தால் திட்டு விழும் என்றால் கயிறு இருந்து என்ன பயன்? உத்தரவாதம் இருப்பதால் யோசனை வருகிறது. உதவிக்கு ஆள் வருவதால் கயிறு இழுபடுகிறது.

இங்கே ஒரு கூர்மையான மாணவர் எழுந்து என்னை மறிக்க வேண்டும். "ஐயா, இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தவர்கள். பயந்து ஒழுங்காக நடந்திருப்பார்கள். ஏற்பாடாவது, கயிறாவது!" நல்ல கேள்வி. ஒரு விளக்கத்தைக் கையில் எடுத்தால், அதே விளைவைத் தரக்கூடிய எதிர் விளக்கத்தையும் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் பிரித்துக் காட்டும் சான்று எது என்று தேட வேண்டும். கேஸ் அலசுவதன் உயிர்நாடி அங்கேதான்.

சான்று அதே மாநிலத்தில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே வான் நைஸில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு இன்னொரு ஆலை. அங்கேயும் மூடிவிடுவோம் என்ற மிரட்டல் பல ஆண்டுகளாகத் தலைமேல் தொங்கியது. நும்மியைப் பார்த்துக் குழு முறையை அங்கே கொண்டுவரவும் முயன்றார்கள். எடுபடவில்லை. தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் நம்பவில்லை, மேற்பார்வையாளர்கள் தங்கள் அதிகாரத்தை விடத் தயாராக இல்லை. 1992-இல் அந்த ஆலை மூடப்பட்டது. பயம் மட்டும் போதும் என்றால் வான் நைஸும் திருந்தியிருக்க வேண்டும். ஒரே ஒரு ஒப்பீட்டை வைத்து எதையும் நிரூபித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஃபிரீமான்ட் மூடித் திறந்ததால் கிடைத்த புதுத் தொடக்கம் வான் நைஸுக்கு இல்லை. ஆனாலும் பயம் என்ற விளக்கம் முன்பைப் போல வலுவாக நிற்கவில்லை. கேஸ் ஆய்வில் நமக்குக் கிடைக்கக்கூடிய தெளிவு இந்த அளவுதான், அதுவே பெரிது.

இன்னொரு மறுப்பும் உண்டு. "மேலாளர்கள் மாறினார்களே, அதுவும் ஆளை மாற்றியதுதானே?" மாறினார்கள்தான். ஆனால் புதியவர்கள் வேறாகச் செய்த ஒவ்வொன்றையும் அவர்கள் பெயரையோ குணத்தையோ சொல்லாமல் நம்மால் எழுதிவிட முடிகிறது. இப்போது நான் எழுதிக் காட்டிய நான்கும் விதிகள். விதியாக எழுத முடிந்ததை இன்னொரு ஆலைக்கும் எடுத்துச் செல்ல முயலலாம். குணம் என்று எழுதினால் கைதட்ட மட்டுமே முடியும்.

இனி, ஆட்களை மாற்றியும் சிக்கல் தீராத ஒரு கதை. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. 2016 செப்டம்பரில் அந்த வங்கி 18.5 கோடி டாலர் அபராதமும் தீர்வுத் தொகையுமாகக் கட்ட ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் கணக்குகளும் கிரெடிட் கார்டுகளும் திறக்கப்பட்டிருந்தன. அப்படிப்பட்டவை சுமார் 20 லட்சம் இருக்கலாம் என்று முதலில் கணக்கிட்டார்கள். மறுவருடம் அது 35 லட்சமாக உயர்ந்தது. இது தொடர்பாக ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 5,300 ஊழியர்களை நீக்கிவிட்டோம் என்று வங்கி சொன்னது.

அந்த 5,300 என்ற எண்ணை எப்படிப் படிப்பீர்கள்? வங்கி அதை நடவடிக்கை எடுத்ததற்கான சான்றாகக் காட்டியது. கேஸ் படிப்பவருக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேரை ஒரே குற்றத்துக்காக அனுப்புகிறீர்கள், அடுத்த ஆண்டு வேறு ஆயிரம் பேர் அதே குற்றத்தைச் செய்கிறார்கள். நாற்காலியில் ஆளை மாற்றிப் பார்க்கும் சோதனையை வங்கியே ஐந்து ஆண்டுகள் நடத்தியிருக்கிறது! முடிவைத்தான் யாரும் வாசிக்கவில்லை.

ஒரு குடும்பத்துக்கு எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்பது வங்கியின் முழக்கம். குடும்பத்துக்குச் சராசரியாக எத்தனை விற்றோம் என்ற எண்ணை முதலீட்டாளர்களிடம் பெருமையாகச் சொல்லிவந்தார்கள். ஒரு கிளைக்குள் ஒரு நாளைக்கு நுழையும் வாடிக்கையாளர் இத்தனை பேர்தான். அவர்களுக்குத் தேவையான கணக்கும் ஓரளவுதான். டார்கெட் மட்டும் ஏறிக்கொண்டே போனது. இயக்குநர் குழு 2017-இல் வெளியிட்ட விசாரணை அறிக்கையின்படி, கிளைகளை நடத்திய பிரிவில் வேலையை விட்டுப்போவோர் விகிதம் அந்த ஐந்து ஆண்டுகளில் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. அபாயங்களைக் கண்காணிக்க வேண்டியவர்கள், தாங்கள் கண்காணிக்கும் அதே பிரிவின் தலைமைக்கே பதில் சொல்பவர்களாக இருந்தார்கள். முறைகேட்டைத் தனி மனிதர்களின் ஒழுக்கக் குறைவாகவே தலைமை நீண்ட நாள் பார்த்தது.

அப்படியென்றால் கையெழுத்தைப் போலியாகப் போட்டவருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. அவரை நீக்கியதும் சரி. ஆனால் யாரைத் தண்டிப்பது என்பது ஒரு கேள்வி, இது மறுபடி நடக்காமல் இருக்க எதை மாற்றுவது என்பது வேறு கேள்வி. கிளைகளின் விற்பனை டார்கெட்டை வங்கி எடுத்தது 2016 அக்டோபரில்தான். அதே மாதம் தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ப் பதவி விலக நேர்ந்தது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்கும் வரை காத்திருக்காமல் உள்ளேயே யாராவது அந்த இரண்டு கேள்விகளையும் பிரித்திருக்கலாம்.

இதுவரை கேஸில் இருப்பதைப் படிப்பது பற்றிப் பேசினேன். இல்லாததைப் படிப்பது அதைவிடக் கடினம். மேலாண்மை வகுப்புகளில் 'கார்ட்டர் ரேசிங்' என்றொரு புகழ்பெற்ற பயிற்சி உண்டு. ஜாக் பிரிட்டெய்ன், சிம் சிட்கின் இருவரும் 1986-இல் எழுதியது. ஒரு கார் பந்தயக் குழு. எஞ்சின் கேஸ்கட் சில பந்தயங்களில் பழுதாகியிருக்கிறது. இன்று வழக்கத்துக்கு மாறான குளிர். ஓட்டலாமா, வேண்டாமா? கேஸ்கட் பழுதான பந்தயங்களின் வெப்பநிலையை வரைபடமாகத் தருகிறார்கள். அதில் குளிருக்கும் பழுதுக்கும் தெளிவான உறவு தெரியாது. பெரும்பாலான வகுப்புகள் ஓட்டலாம் என்றே முடிவெடுக்கும்.

அந்த எண்கள் சேலஞ்சர் விபத்துக்கு முந்தைய விண்வெளி ஓடப் பயணங்களுடையவை. சேலஞ்சர் 1986 ஜனவரி 28 அன்று ஏவப்பட்டு 73 விநாடிகளில் ஏழு பேரோடு சிதறியது. முந்தைய இரவு மார்டன் தயோகால் நிறுவனப் பொறியாளர்கள், ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ஓ-ரிங் குளிரில் சரியாக வேலை செய்யாது என்று எச்சரித்தார்கள். விவாதத்தில் பேசப்பட்டது பழுது நேர்ந்த முந்தைய பயணங்களைப் பற்றி. பழுதே நேராத பயணங்களையும் சேர்த்து வரைந்தால் படம் தலைகீழாகிறது. பழுதில்லாத பயணங்கள் எல்லாமே வெப்பமான நாள்களில் நடந்தவை. மிகக் குளிரான நாள்களில் பழுதில்லாத பயணம் ஒன்றுகூட இல்லை. பயிற்சியில் இந்த விவரத்தைக் கேட்டால் ஆசிரியர் தருவார். கேட்பவர் மிகச் சிலர்.

ஆகவே ஒரு கேஸைப் படித்ததும், பின்னிணைப்பில் உள்ள அட்டவணைகளை அலசுவதற்கு முன், எந்த அட்டவணை இருந்திருந்தால் என் முடிவு மாறும் என்று எழுதுங்கள். போன ஊழியர்கள் ஏன் போனார்கள் என்று ஒரு பக்கம் இருந்தால், தங்கியவர்கள் ஏன் தங்கினார்கள் என்ற பக்கம் எங்கே?

சரி, கண்டுபிடிப்பது இருக்கட்டும், தீர்ப்பது எப்படி? இதற்கு மதுரைக்கே போகலாம். 1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஹார்வர்டின் கஸ்தூரி ரங்கன் 1993-இல் எழுதிய அரவிந்த் கேஸ் உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. அதை அன்பு, தியாகம், தொலைநோக்கு என்று படிக்கலாம், அவை உண்மையும்கூட. ஆனால் அங்கே எது பற்றாக்குறை என்று கேட்டுப் படித்தால் வேறு பாடம் கிடைக்கும். பற்றாக்குறை கண் மருத்துவரின் நேரம். அதனால் மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை அவருக்கு விட்டுவிட்டு, மற்றவற்றைக் கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து உருவாக்கிய பணியாளர்களிடம் கொடுத்தார்கள். இரண்டு மேசைகள், ஒன்றில் அறுவை சிகிச்சை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயார். ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அறுவை சிகிச்சைகளைத் தாண்டுவது இப்படித்தான் சாத்தியமானது.

வேகம் வந்தால் நோயாளி வர வேண்டுமே? முகாமில் பரிசோதித்து, இலவச அறுவை சிகிச்சை என்று சொல்லியும் பலர் வரவில்லை. அறியாமை, பயம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். விசாரித்தபோது பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் அன்றைய கூலி என்று காரணங்கள் வந்தன. முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப்போய், சாப்பாடும் போட்டு, திரும்பக் கொண்டுவிட ஆரம்பித்தார்கள். செயற்கை விழிலென்ஸின் விலை தடையானபோது 1992-இல் அரோலேப் தொடங்கி அதைத் தாங்களே தயாரித்தார்கள். ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் இறுக்கம் அடுத்த முடிச்சுக்குப் போனது. அவர்களும் அங்கே போனார்கள். உங்கள் விடைத்தாளில் பரிந்துரைகள் பத்து இருக்கும். எது முதல், அது தீர்ந்தால் எது இறுகும் என்ற வரிசை பெரும்பாலும் இருக்காது.

கேஸ் ஸ்டடி முறையின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் முடிவு தெரிந்த பிறகே கேஸை எழுதுகிறார்கள். வென்ற நிறுவனத்தில் எல்லாம் அழகாகத் தெரியும். 2000-இல் சிஸ்கோவின் பங்கு உச்சத்தில் இருந்தபோது, அது நிறுவனங்களை வாங்கி இணைக்கும் திறமையைப் பத்திரிகைகள் கொண்டாடின. மறுவருடம் பங்கு சரிந்ததும் அதே பழக்கம் நிதானமின்மை ஆயிற்று. பேராசிரியர் ஃபில் ரோசன்ஸ்வைக் 2007-இல் எழுதிய 'தி ஹேலோ எஃபெக்ட்' நூல் இந்த மயக்கத்தைத்தான் விரித்துப் பேசுகிறது. கேஸின் முடிவைக் காகிதம் வைத்து மறைத்துவிட்டு, அன்று அந்த மேலாளருக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் படித்தால் இந்த மயக்கம் கொஞ்சம் தெளியும். முடிவு தெரியாத நிலையில்தான் நீங்களும் வேலை பார்க்கப் போகிறீர்கள்.

நாளை ஒரு நிறுவனத்தில் சேர்வீர்கள். அங்கே யாரும் கேஸை அச்சடித்துக் கையில் தர மாட்டார்கள். "வடக்கு மண்டல விற்பனை விழுந்துவிட்டது, அந்த மேனேஜர் சரியில்லை" என்று ஒருவர் சொல்வார். அவருக்கு முன் இருந்தவர் காலத்தில் எப்படி இருந்தது, டார்கெட் எப்போது மாறியது, யார் யாருக்கு அறிக்கை தருகிறார்கள் என்று கேளுங்கள். கோப்பு படித்துத் தெரியாதது பொருட்கிடங்கிலும் கவுன்டரிலும் நின்றால் தெரியும். பிறகு உங்கள் பரிந்துரையை எழுதுங்கள். அதனால் யாருடைய அதிகாரம் குறையும் என்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் வான் நைஸில் தடுக்கியது அங்கேதான். கடைசியாக ஒரு வரி சேருங்கள்: இன்ன தேதிக்குள் இன்ன மாற்றம் தெரியாவிட்டால் என் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வேன். அந்த வரி இருக்கும் அறிக்கையைத்தான் மேலதிகாரி நம்பிக் கையெழுத்திட முடியும். உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவரும் அதிலிருந்துதான் தொடங்க முடியும்.

இனி மேடை உங்களுடையது, மறுப்புகளிலிருந்து தொடங்கலாம்.